சொந்தக் கையால் ஒரு காது

இளம் ஆய்வாளர் யானெத் சிரித்துக்கொண்டே காப்பியை நீட்டியதும் பேராசிரியர் எவாரிஸ்தோவுக்குக் குலை நடுங்கியது. விஷம் வைப்பவர்கள் இப்படித்தான் சிரிப்பார்கள் என்பது அவர் அபிப்பிராயம்.

பயத்துக்குக் காரணம் உண்டு. அவள் உருவாக்கிய மூக்குச் சாரத்தை, அதாவது செல்கள் பற்றி வளரும் மூக்கு வடிவச் சட்டத்தை, தன் பெயரில் மாநாட்டில் காட்டிவிட்டு, "இந்தப் பொண்ணு லேப்ல குப்பி கழுவுது" என்று மேடையில் அறிமுகப்படுத்தியவர் அவர். "இதுக்கு அனுபவிப்பீங்க, டாக்டர்!" என்று அன்று அவள் போட்ட சத்தம் மெதெயின் நகரம் முழுக்கக் கேட்டது.

இன்றோ குரலில் தேன். "காது ரெடி, டாக்டர். நாளைக்கு நீங்களே செஞ்சதா காட்டுங்க."

மேசையில் வெள்ளையாக, நுண்துளைகளோடு, முப்பரிமாண இயந்திரத்தில் அச்சடித்த ஒரு காது. அதில் செல்கள் குடியேறிக் குருத்தெலும்பாக வளர வளர, சாரம் தானே கரைந்துவிடும். தேர்வுக் குழுவுக்கு அது பிடித்துவிட்டால், புதிய ஆய்வு மையத்துக்கு எவாரிஸ்தோதான் இயக்குநர்.

"சரி பாத்தியா?"

"எதுக்கு? எம்மேல நம்பிக்கை இல்லையா?" கொய்யா அல்வாத் துண்டு ஒன்றையும் வைத்தாள்.

அவர் எதையும் தொடவில்லை. "லேப் சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போம்மா."

மறுநாள் குழுத் தலைவியான அறுவை மருத்துவர் பெர்னார்தா கேட்டார்: "முழுக்க நீங்களே செஞ்சதா?"

"இந்த ரெண்டு கையால! இந்தப் பொண்ணுக்கு மெஷின் ஸ்விட்ச் எங்க இருக்குன்னே தெரியாது."

யானெத் பணிவாகத் தலையாட்டினாள்.

இடது காது இல்லாத நோயாளியின் தலையைப் போலவே பிளாஸ்டரில் வார்த்த மாதிரியில் பெர்னார்தா அதைப் பொருத்தினார். காது பிடரியைப் பார்த்துத் திறந்திருந்தது. எடுத்து, மறுபடி வைத்தார். மறுபடியும் பிடரி.

"இது வலது காதுங்க. நல்ல காதை ஸ்கேன் பண்ணினா, கண்ணாடியில தெரியிற மாதிரி திருப்பிட்டுத்தான் அச்சடிக்கணும். முதல் வருஷப் பசங்களுக்கே தெரியுமே!" பெர்னார்தா கையுறையைக் கழற்றினார். "இயக்குநருக்கு நாங்க வேற ஆள் பாத்துக்கறோம்."

வெளியே வந்ததும் சக ஆய்வாளன் வில்மார் யானெத்தின் முதுகில் ஓங்கித் தட்டினான். "அடிப்பாவி! வேணும்னே திருப்பாம அச்சடிச்சு அவர் தலையில கட்டிட்டியே!"

"நானா? நான் சிரிச்சேன், அவ்வளவுதான். என்னோட காது அசல் இடது காது, குப்பைத் தொட்டியில கிடக்கு. இது நெசமாவே ராத்திரி அவரே உக்காந்து செஞ்சது."