பதினான்காவது கேள்வி

பிலோமினாவுக்கு ஆறு வருடமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நோயாளிகளே நோயாளிகளிடம் பேசி விவரம் திரட்டும் ஓர் ஆய்வுக்காக அவளுக்கு நான்கு நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். புதன்கிழமை, முதல் பேட்டிக்குப் பக்கத்துக் கட்டில் அருளப்பனையே எடுத்துக்கொண்டாள். அவர் சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்ற உறுதிமொழியை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினாள். இருவர் இரத்தமும் குழாய்களில் ஓடிக்கொண்டிருந்தது. பதினான்காவது கேள்வி வந்தது.

“சிகிச்சைய நிறுத்திடலாம்னு எப்பவாவது நெனச்சிருக்கீங்களா?”

“நெனைக்கிறதென்ன, இன்னைக்கோட நிறுத்துறேன்” என்றார் அருளப்பன். “வீட்ல சொல்லல. நீங்களும் சொல்லக் கூடாது. இப்பத்தான வாசிச்சீங்க.”

படிவத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. அவள் ஆம் என்பதில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். தனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. மாலையில் பயிற்சியாளர் படிவத்தைப் புரட்டி, “ஒரு கேள்விகூட விடல, அருமை” என்றார்.

வெள்ளிக்கிழமை பக்கத்துக் கட்டிலில் விரிப்பு கசங்காமல் கிடந்தது. நர்ஸ் அவர் வீட்டுக்கு ஃபோன் செய்தாள். ஸ்பீக்கரில் அவர் மனைவியின் குரல் கேட்டது.

“ஏழு மணிக்கே கெளம்பிட்டாரே சிஸ்டர். இட்லிகூட கட்டிக் குடுத்தேன். இன்னும் வரலியா?”

பிலோமினா ஊசி குத்தாத கையை நீட்டி ஃபோனை வாங்கினாள்.

“அக்கா, பக்கத்துக் கட்டில் பிலோமினா பேசுறேன். அவர் எங்கிட்ட ஒண்ணு சொன்னாரு.”