கண்ணாடி கழுவும் போத்தல்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பதுளையில் இத்ரூஸ் முதலாளியின் வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள்: விறாந்தையில், சாய்வு நாற்காலியில் முதலாளி. கதவுத் திரைக்குப் பின்னால் அவர் மனைவி ரஹ்மத்தும்மா. ஒஸ்டின் காரின் முன் சில்லுக்குப் பக்கத்தில், சாக்கு விரித்து, மனைவியின் தம்பி ஜுனைதீன். அவனுக்கு நேர் எதிரே, முதலாளியின் துணிக்கடையிலிருந்து கொண்டுவந்த முக்காலியில், சார்ஜன்ட் சல்தீன்.

சார்ஜன்ட்டின் சட்டைப் பையில் ஒரு மொட்டைப் பெட்டிசம் இருந்தது. இத்ரூஸ் முதலாளி காரில் அரிசி கடத்தப் போகிறார், அதற்காக முன் கண்ணாடி கழுவும் போத்தலைக்கூட மாற்றுகிறார், காரைப் பிரித்துப் பார்க்கவும் என்று பெயர் போடாத ஒருவர் எழுதியிருந்தார்.

அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகத் தடை இருந்த காலம். ரோட்டுக்கு ரோடு மரக்கட்டை போட்டு மறித்துச் சோதித்தார்கள். பிடிபட்டால் கார் அரசாங்கத்துக்கு, ஆள் மறியல் சிறைக்கு.

முதலாளிக்கோ வெள்ளிக்கிழமை மகள் ஹம்ஸியாவின் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் பண்டாரவளையில் பேர்போன குடும்பம். சஹன் தட்டில் புரியாணிக்குப் பதிலாக அவித்த மரவள்ளியைக் கண்டால், மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். வேண்டிய அரிசி பிபிலையில் சித்தப்பா முறையான சாச்சா வீட்டில் இருந்தது. இடையில் லுணுகலையில் ரோட்டுத் தடை இருந்தது. அந்தத் தடை சார்ஜன்ட் சல்தீனின் பொறுப்பில் இருந்தது.

"பழைய போத்தலுக்கு என்ன தம்பி?" என்று, போத்தல் மாற்றிக்கொண்டிருந்த ஜுனைதீனிடம் சார்ஜன்ட் கேட்டார்.

"ஒழுகுது சார். மடுல்சீமைக்கு, தோட்டத்து லயத்து ஆக்களுக்குத் துணி கொண்டு போற கார். அந்த ரோட்டுச் சேறு அடிச்சா முன்னுக்கு ஒண்டும் தெரியாது."

சார்ஜன்ட் பழைய போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் இருந்த வெடிப்பால் தண்ணீர் வடிந்து, ஒரு பொலிஸ்காரரின் காற்சட்டை நனையக் கூடாத இடத்தில் நனைந்தது. திரைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

ஜுனைதீன் அவசரப்படவில்லை. போத்தலைத் தாங்கும் தகட்டைக் கழற்றித் துடைத்து, புதியதை அதில் இறுக்கினான். மூடியில் ரப்பர் டியூப் ஏற மறுத்தது. அக்காவிடம் சுடுதண்ணீர் கேட்டு வாங்கி, டியூபின் நுனியை அதில் இளக வைத்துச் செருகினான். சுடுதண்ணீருக்குள் ஏதாவது இருக்கிறதா என்று சார்ஜன்ட் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு கொஞ்ச நேரம் விரலை ஊதிக்கொண்டிருந்தார்.

"புதுசு பெரிசா இருக்கே. கண்ணாடிக்கா, உனக்குக் குளிக்கவா?"

"கொழும்பில கிடைச்சது இதுதான் சார். வேணுமெண்டா நீங்களே தண்ணி ஊத்திப் பாருங்க."

சார்ஜன்ட் ஊற்றினார். பட்டனை அமுக்கினார். தண்ணீர் ஒழுங்காகக் கண்ணாடியில் பாய்ந்தது. அதில் அவருக்குத் திருப்தி வரவில்லை. டிக்கியைக் காலி செய்தார், உதிரிச் சில்லை இறக்கினார், மிதியடிகளை உதறினார். கடைசியில் பின் சீட்டைக் கத்தியால் கீறினார். உள்ளிருந்து தென்னந்தும்பு வந்தது. அரிசி ஒரு மணிகூட வரவில்லை.

முதலாளி அப்போதுதான் வாய் திறந்தார். குரலில் கோபமில்லை.

"நீங்க உங்கட கடமையச் செஞ்சீங்க சார். நாளைக்குத் தடையில உங்கட ஆக்கள் முன் சீட்டையும் கிழிப்பாங்க. கலியாணத்துக்கு ஆக்கள ஏத்தி எறக்க எனக்கு ஈக்கிறது இந்தக் கார்தான். எவனோ எதிரி எழுதினா, அதுக்கு நான் என்ன செய்ற?"

யார் அந்த எதிரி என்று சார்ஜன்ட் கேட்டார். முதலாளியின் பார்வை தெருவுக்கு அந்தப் பக்கம், புஹாரி ஸ்டோர்ஸின் பலகைக்குப் போய்த் திரும்பியது. இரண்டும் துணிக்கடை; எதிரெதிர் வாசல். முதலாளிகள் இருவரும் சலாம் சொல்லிக்கொள்வது பள்ளிவாசலில் மட்டும்தான்.

"பொறாமை" என்றார் சார்ஜன்ட்.

கிழிந்த சீட்டின் பக்கம் திரும்பாமலே காகிதம் கேட்டு வாங்கினார். இந்தக் காரைத் தானே முழுதாகச் சோதித்ததாகவும், புகார் பொய் என்றும், கலியாணம் முடியும்வரை தடையில் இதை மறிக்க வேண்டாம் என்றும் கைப்பட எழுதிக் கையெழுத்து வைத்தார்.

திங்கட்கிழமை கார் பிபிலைக்குப் போனது. செவ்வாய்க்கிழமை திரும்பியது. லுணுகலைத் தடையில் நின்ற கான்ஸ்டபிள் கடிதத்தை வாசித்துவிட்டு மரக்கட்டையைத் தூக்கினார். காரின் பின்பக்கம் தரையைத் தொடுவது போலத் தாழ்ந்திருப்பதைப் பார்த்து, ஸ்பிரிங்கையும் ஒருமுறை கவனிக்கும்படி அக்கறையோடு சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை சஹன் சஹனாகப் புரியாணி போனது. மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போகவில்லை, எழுந்திருக்கவே சிரமப்பட்டார்கள். சார்ஜன்ட்டும் வந்து சாப்பிட்டார். இவ்வளவு அரிசி எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டால், தன் கையெழுத்தைப் பற்றியும் கேட்க வேண்டி வரும்.

சனிக்கிழமை பின்னேரம் புஹாரி முதலாளி தெருவைக் கடந்து வந்தார். அடுத்த மாதம் மகனுக்குச் சுன்னத்து விருந்து; தன்னுடைய அரிசியும் பிபிலையில்தான் இருக்கிறது என்றார். இத்ரூஸ் முதலாளி நாற்காலி காட்டினார். ஜுனைதீன் எழுந்து கதவைச் சாத்தினான்.

"உங்கட காரில எது பழுது, புஹாரி நானா?" என்று கேட்டான்.

"ரேடியேட்டர் ஒழுகுது."

ஜுனைதீன், போன முறை எழுதியதைப் போலவே பேனையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, புஹாரி முதலாளி ரேடியேட்டருக்குள் அரிசி கடத்துவதாகப் பொலிஸுக்கு எழுதி முடிக்க, கவரை நாக்கால் நனைத்து ஒட்டித் தபாலில் சேர்த்தவர் புஹாரி முதலாளிதான்.