ஐந்து கிலோ

மாடத்தி பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாள். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நல்ல சேதியை நேரில் சொன்னால்தானே நிறைவு?

போன வாரம் இருதய வார்டிலிருந்து அவள் புருசன் சாமித்துரையை வீட்டுக்கு அனுப்பியபோது, நர்ஸ் ஐஸ்வர்யா ஒரு நோட்டைக் கொடுத்திருந்தாள்.

"தினமும் காலையில எடை பாத்து இதுல எழுதுங்கக்கா. ரெண்டு கிலோ வித்தியாசம் தெரிஞ்சா அன்னைக்கே போன் போட்ரணும்."

தினமும் அவரைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து உருட்டிக்கொண்டு போய், இடைசெவல் பருத்திக் கடைத் தராசில் ஏற்றி இறக்கினாள் மாடத்தி. ஐம்பத்திரண்டு ஏழே நாளில் ஐம்பத்தேழானது. ஒட்டிக் கிடந்த கன்னம் உப்பியது. கடைக்காரரே, "ஆளு தேறிட்டாரே!" என்றார். உளுந்தங்களி கிண்டிக் கொடுத்த கைக்கு இதைவிட என்ன வேண்டும்?

"பாருங்க நர்சம்மா, அஞ்சு கிலோ!"

நோட்டைப் புரட்டிய ஐஸ்வர்யாவின் முகம் வெளிறியது.

"இது சதை இல்லக்கா, நீரு. இருதயம் ஓஞ்சுபோனா உடம்புல நீர் கோத்துக்கிடும். மூச்சு வாங்குதா அவருக்கு? படுக்க முடியுதா?"

"நாலு நாளா உக்காந்துக்கிட்டேதான் தூங்குனாவ. ஒரே இரைப்பு. எடை கூடுனா இரைக்கத்தான செய்யும்னு இருந்துட்டேன்."

"இப்ப எங்க இருக்காரு?"

"வீட்லதான்." மாடத்தி அவசரமாகச் சமாதானம் சொன்னாள். "இப்ப அந்த இரைப்பெல்லாம் இல்ல நர்சம்மா. இன்னைக்குத்தான் சத்தமே இல்லாமத் தூங்குதாவ. எடை பாக்கக்கூட எழுப்ப மனசு வரல."