ஓலைப்பெட்டியில் வந்த குட்டி

வடகால் பாலம் தாண்டி, இசக்கியம்மா வீட்டு வேலிப் படலுக்கு வெளியே வந்து நின்ற பிறகும், பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று பார்வதியம்மாளுக்குத் தெரியவில்லை.

கக்கத்தில் இடுக்கியிருந்த ஓலைப்பெட்டிக்குள் பூனைக்குட்டி கத்தியது. ஆரம்பிக்கும் வேலையை அதுவே பார்த்துக்கொண்டது.

"என்னம்மா, வெயில்ல நீங்களா வந்தீங்க? சொல்லி விட்டிருந்தா நான் வந்திருப்பேம்லா?"

ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி ஓடி வந்தாள் இசக்கியம்மா. பார்வதியம்மாள் வீட்டுக்கு நெல் அவிக்க வருகிறவள். இந்தக் குட்டியைக் கொடுத்ததும் அவள்தான்.

கொடுக்கும்போதே சொன்னாள், தாய்க்காரி இன்னும் எலி காட்டவில்லை, ஒரு மாசம் கழித்துக் கொண்டுபோங்கள் என்று. பார்வதியம்மாள்தான் கேட்கவில்லை. எலியும் மீனும் வாயில் பட்டுவிட்டால் சைவ வீட்டுக்கு ஆகாது. அதற்கு முன்பே எடுத்துவந்துவிட்டால் பால்சோற்றிலேயே வளர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டாள்.

'உங்க வீட்டுப் பழக்கம் ஒட்டிக்கிடக் கூடாதுல்லா' என்று வாய்விட்டே சொல்லியிருந்தாள்.

கணக்கு பலித்தது. குட்டி தயிர்சோறு தின்றது. பிரதோஷத்துக்குச் சுண்டல் தின்றது. எலி எதிரே வந்தால், பெரிய மனுஷனுக்கு ஒதுங்குவதுபோல ஒதுங்கி வழிவிட்டது.

கேபிள் டி.வி. இழுத்ததிலிருந்து, அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் எலிகள் இறங்கின. மருந்து வைக்கக் கணவர் குற்றாலலிங்கம் சம்மதிக்க மாட்டார். வீட்டில் உயிர்க்கொலை கூடாது. பூனை பிடித்தால் அது பூனையின் பாடு. நேற்று, மகள் மதுமதியின் கல்யாணத்துக்கு எடுத்துவைத்த கூறைப்பட்டின் முந்தானையில் எலிப்பல் பட்டுவிட்டது. இன்னும் என்னென்ன போகுமோ என்ற பயம்தான் அவளை இங்கே தள்ளிக்கொண்டு வந்தது.

"கொஞ்ச நாளு இங்கன தாய்கூடக் கெடக்கட்டும் இசக்கி. எலி பிடிக்கப் படிச்சதும் கொண்டுபோயிருதேன்."



"அதுக்கென்னம்மா, விட்டுட்டுப் போங்க."

பழைய பேச்சை இசக்கியம்மா எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் தேவலை என்று இருந்தது.

முருங்கைமரத்தடியில் தாய்ப்பூனை பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தது. இந்தக் குட்டிக்கு அடுத்த ஈற்றில் பிறந்த குட்டிகள் இரண்டு. குற்றுயிராகக் கிடந்த சுண்டெலியை அவற்றின் முன்னால் போட்டது. அது நொண்டி ஓடியது. குட்டிகள் கோட்டைவிட்டதும் தானே எட்டி ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கவ்வி வந்து போட்டது.

பார்வதியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதைப் படிக்கத்தானே கொண்டுவந்தோம் என்று நினைத்ததும் கூச்சமாகப் போயிற்று.

அதற்குள் இசக்கியம்மா ஆட்டுப்பாலில் காப்பி போட்டு வந்து, படலை ஒட்டிக் கிடந்த உரலின் மேல் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை. கடைக்காரன் ஒட்டிய தாளைக்கூட இன்னும் உரிக்காத எவர்சில்வர் டம்ளர்.

"இப்பதான் குடிச்சிட்டு வாரேன் இசக்கி."

நல்லது கெட்டதுக்கு இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் சொல்வதுதான். யோசிக்க வேண்டியதில்லை, தானாக வாயில் வந்துவிடும். இசக்கியம்மாவும் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை.

அவள் மிச்சப் பாலைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி, பார்வதியம்மாள் படலோரம் இறக்கிவைத்த பெட்டியைத் திறந்து, குட்டியை அதன் முன்னால் விட்டுவிட்டு, காலிப் பெட்டியை உரலடியில் வைத்தாள்.

குட்டி முகர்ந்து பார்த்தது. மூக்கைச் சுருக்கியது. பின்வாங்கி வந்து, படலுக்கு வெளியே, பார்வதியம்மாளின் காலடியில் உட்கார்ந்துகொண்டது.

இசக்கியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏட்டி, நீயும் இப்பதான் குடிச்சிட்டு வாரியா?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பார்வதியம்மாளுக்குக் காதுமடல் வரை சுட்டது. தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோன குட்டி, அதற்குப் பிறகு யாரைப் பார்த்து வளர்ந்தது என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குனிந்து அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று வந்தது. கூறைப்பட்டை நினைத்து நின்றாள்.

தாய்ப்பூனை எலியை விட்டுவிட்டு வந்தது. புதுக்குட்டியைப் பார்த்து ஒரு சீறல். அப்புறம் அதைக் கண்டுகொள்ளாமல் சிரட்டையில் வாய் வைத்தது. அதன் குட்டிகளும் முண்டியடித்து வந்து நக்கின.

பார்வதியம்மாளின் குட்டி கழுத்தை நீட்டிப் பார்த்தது. தாய் குடிப்பதையே பார்த்தது. பைய எழுந்து, படலைத் தாண்டிப் போய், சிரட்டையின் ஓரத்தில் தானும் நாக்கை நீட்டியது.

இவ்வளவுதானா என்று இருந்தது பார்வதியம்மாளுக்கு.

உரலின் மேல் காப்பி ஆடை கட்டத் தொடங்கியிருந்தது. அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். இசக்கியம்மாவின் முகத்தைப் பார்க்காமல், டம்ளர் இருந்த பக்கமாகக் கையை நீட்டினாள்.

"இந்தாங்கம்மா."

இசக்கியம்மா உரலடியில் இருந்த காலிப் பெட்டியை எடுத்து, உள்ளே ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டு, விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து, நீட்டிய அந்தக் கையில் கொடுத்தாள்.

பார்வதியம்மாள் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"வாரேன் இசக்கி" என்றாள்.