வராமல் போனவன்

பெர்லின் டீச்சர் எழுதிக்கொண்டிருந்த நாவல் ஓரிடத்தில் முட்டி நின்றது.

"ஏட்டி ரீபா, அந்தப் பொண்ணு ஜங்ஷன் ஸ்டேஷன்ல சாயங்காலம் வரைக்கும் காத்துக் கெடக்கா. அவன் ஏன் வரலைன்னுதான் எனக்குப் பிடிபடலை."

சிநேகிதி ரீபா தலைகுனிந்தபடி சொன்னாள். "ஜங்ஷன் வேண்டாம், அம்பாசமுத்திரத்துக்கு வான்னு அவளோட தோழிகிட்ட லெட்டர் குடுத்தான். தோழி அதைக் கிழிச்சுப் போட்டுட்டா."

"நல்லாருக்கே! ஏன் கிழிச்சா?" பெர்லின் ஆசையாக எழுதினாள்.

"அவளுக்கும் அவனைப் பிடிச்சிருந்துச்சுட்டி."

பேனா நின்றது.

இருபது வருஷத்துக்கு முன்னால் அந்த ஸ்டேஷனில் காத்துக் கிடந்தவள் பெர்லின்தான். ஏமாற்றிவிட்டான் என்று அவனை வெறுத்து, கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த ஒரே தோழி ரீபா.

பெர்லின் நோட்டைப் பைய மூடினாள்.

"எந்திச்சுப் போ ரீபா."