சிரிக்கும் குதிரை

நாற்பது நாற்காலிகள். நார்மன் ப்ளாக்கெட் இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டான். நாற்பதிலும் ஆள் இல்லை.

அவன் கைக்கடிகாரத்தில் மணி இரண்டு ஐந்து. சுவர்க் கடிகாரம் ஒன்று ஐந்து என்றது. ஒரு கடிகாரத்தை ஒழுங்காக ஓடவைக்கத் துப்பில்லாத நூலகம் எங்கே கூட்டம் சேர்க்கப்போகிறது என்று அவனுக்கு எரிச்சல். கதவைத் திறந்துவிட்ட காவலரும் சாப்பிடப் போய்விட்டார்.

வாசலில் அறிவிப்பு மட்டும் பெரிதாக இருந்தது. 'அக்டோபர் கடைசி ஞாயிறு, பிற்பகல் இரண்டு மணி. காலப்பயண நகைச்சுவை எழுத்தாளர்கள் இருவருடன் ஒரு சந்திப்பு.' ஒருவர் நார்மன். இன்னொருவர் பி. கே. ஹாலம். அந்த அம்மாளின் முகத்தை யாரும் பார்த்ததில்லை. புத்தகங்களின் பின்னட்டையில் அவள் படத்துக்குப் பதிலாக, பல்லைக் காட்டிச் சிரிக்கும் குதிரை ஒன்று இருக்கும்.

நார்மனின் கோட்டுப் பையில் தபால்தலை ஒட்டிய கடிதம் இருந்தது. 'மூன்றாவது நாவலை எழுதப்போவதில்லை, மன்னிக்கவும்' என்று பதிப்பாளருக்கு எழுதியது. இன்று ஒரே ஓர் ஆளாவது மனம்விட்டுச் சிரிக்காவிட்டால், போகிற வழியில் அதைத் தபால்பெட்டியில் போட்டுவிடுவது என்று காலையில் முடிவு கட்டியிருந்தான். இங்கே சிரிப்பதற்கு ஆளையே காணோம்.

கதவு திறந்தது. நனைந்த குடையும் மழைக்கோட்டுமாக, அறுபது வயதிருக்கும் ஓர் அம்மாள் மூச்சிரைக்க வந்தாள்.

"மன்னிக்கணும், அஞ்சு நிமிஷம் தாமதமாயிடுச்சு. நான் வந்து..."

"அட, நீங்க வந்ததே பெரிய விஷயம்! உக்காருங்க, உக்காருங்க. இன்னிக்கு மொத்தக் கூட்டமே நீங்கதான். அந்த ஹாலம் அம்மாவும் வரலை. இந்தக் கூட்டத்துக்கெல்லாம் அவங்க எங்க வரப்போறாங்க?"

அவள் மேடையிலிருந்த இரண்டாவது நாற்காலியைப் பார்த்தாள். "வந்தாலும் வருவாங்க."

"வந்து மட்டும் என்னத்தக் கிழிக்கப்போறாங்க? அவங்க எழுதினதைப் படிச்சுட்டுச் சிரிச்ச ஒரே ஜீவன், பின்னட்டையில இருக்கற அந்தக் குதிரைதாங்க!"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். அம்மாளின் முகம் காதுவரை சிவந்துபோயிருந்தது. ஹாலத்தின் வாசகியாக இருக்கும், இருந்த ஒரு ஆளையும் விரட்டிவிட்டோம் என்று நினைத்தான். ஆனால் அவள் போகவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து, குடையைக் காலடியில் வைத்துக்கொண்டாள்.

நார்மன் தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்க ஆரம்பித்தான். அவன் நாவலின் நாயகன் குழாய் பழுது பார்ப்பவன். கால இயந்திரத்தில் ஏறி இரண்டாயிரம் வருஷம் பின்னால் போய், ரோமானியத் தளபதியின் குளியலறை முன்னால் இறங்குகிறான். தளபதி வாளை உருவிக்கொண்டு கேட்கிறான்: "வர்றேன்னு சொல்லி மூணு வாரமாச்சு. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

அம்மாள் முதலில் மூக்கால் சிரித்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குழாய்க்காரன், "பக்கத்து நூற்றாண்டுல ஒரு வேலை இழுத்துடுச்சுங்க" என்று சாக்கு சொன்னபோது, கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நார்மனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. கடைசியில் அவள் பையிலிருந்து அவனுடைய நாவலை எடுத்தாள். ஓரமெல்லாம் மடங்கி, முதுகு பிய்ந்து போயிருந்தது.

"யார் பேருக்குப் போடட்டும்?"

"பென்னிக்குன்னு போடுங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டு, நார்மன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "உண்மையைச் சொல்லுங்க. ஐயோ பாவம்னுதானே சிரிச்சீங்க?"

"அந்தப் பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாதுங்க. இதை நாலு தடவை படிச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும் சிரிப்பேன், அப்புறம் கொஞ்சம் பொறாமையா இருக்கும். அடுத்தது எப்ப வருது?"

நார்மன் கோட்டுப் பையில் கைவிட்டான். கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்து, குப்பைக்கூடையில் போட்டான். "வசந்த காலத்துக்குள்ள வந்துரும்."

அப்போது தேநீர்த் தட்டும் பிஸ்கட் டப்பாவுமாக நூலகர் மேவிஸ் உள்ளே நுழைந்தாள். "மிஸ்டர் ப்ளாக்கெட்! இவ்வளவு சீக்கிரமே வந்துட்டீங்களா?"

"சீக்கிரமாவா? நான் பேசியே முடிச்சாச்சு!"

மேவிஸ் அவன் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்தாள். கோப்பைகள் கிடுகிடுக்கச் சிரித்தாள். "குளிர்காலம் வருதுன்னு நேத்து ராத்திரி நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வச்சுட்டுத்தானே தூங்குச்சு! வருஷா வருஷம் நடக்கறது. காலத்துல முன்னயும் பின்னயும் போறதைப் பத்தி எழுதற மனுஷன், உங்களுக்கே மறந்துபோச்சா? மணி இன்னும் ரெண்டாகலை. வெளியில முப்பது பேர் மழையில வரிசை கட்டி நிக்கறாங்க. இருங்க, கூட்டிட்டு வர்றேன்."

அவள் ஓடினாள். நார்மன் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தான். சுவர்க் கடிகாரத்திடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

முன்வரிசையில் பென்னியும் அசடு வழியத் தன் கைக்கடிகார முள்ளைத் திருகி ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்தாள். மழைக்கோட்டைக் கழற்றி மடித்தாள். மெல்ல மேடையேறி, அவனுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நார்மன் பதறினான். "அம்மா, அது ஹாலம் அம்மாவோட நாற்காலிங்க!"

"தெரியுமே. குதிரையை மட்டும் வீட்டுல விட்டுட்டு வந்தேன்."