எழுப்ப எழுப்பத் தூங்கியது

தென்கொரியாவின் கூமி நகரத் தொழிற்சாலை வாசலில் மறுபடியும் சிவப்பு விளக்கு எரிந்தது. மிரே தன் கைபேசியைக் காவலன் கன்ஹோவிடம் நீட்டினாள். கேமராவைப் பூட்டும் பாதுகாப்புச் செயலி ஓடாவிட்டால் யாரும் உள்ளே போக முடியாது.

“இன்னிக்குமா? அஞ்சாவது நாளுங்க!” என்றான் கன்ஹோ.

“நான் என்ன செய்ய? விடிஞ்சா செத்துக் கிடக்குது.”

“சாகலைங்க, தூங்குது. பேட்டரியை மிச்சம் பிடிக்க போனே தூங்க வெச்சிடுது. தூங்குற பட்டியல்லேர்ந்து எடுத்துட்டு, ஒரு தடவை திறந்து விட்டாப் போதும்.”

“இதையேதான் தினமும் சொல்றீங்க.”

“வியாதி ஒண்ணுன்னா மருந்தும் ஒண்ணுதானே?”

குனிந்து திரையைத் தட்டினான். விளக்கு பச்சையானது. அதன்பிறகும் தட்டிக்கொண்டே இருந்தான்.

“வைத்தியரே, நாங்களும் உள்ளே போகணும்!” என்று வரிசையில் ஒரு குரல் கேட்டது.

மிரே நகரவில்லை. “நான் எந்தப் பிரிவுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?”

“இல்லையே…”

“இந்தச் செயலியை எழுதினதே நான்தான். முதல் நாள் அது தானாத் தூங்கினது நிஜம். அப்புறம் தினமும் காலையில எட்டு பத்துக்கு, போன் உங்க கையில இருக்கும்போதுதான் மறுபடி அந்தத் தூங்குற பட்டியல்ல ஏறுதுன்னு செயலியோட பதிவே சொல்லுது.”

கன்ஹோவுக்குக் காது சிவந்தது. “மேலிடத்துல சொல்லிடாதீங்க, வேலை போயிடும்.”

“சொல்றதா இருந்தா ரெண்டாம் நாளே சொல்லியிருப்பேன். வீட்லயே எழுப்பத் தெரிஞ்சும் தூங்க விட்டே கொண்டு வந்தேன். ஒரு கிண்ணம் குளிர் நூடுல்ஸ் சாப்பிடக் கூப்பிட இன்னும் எத்தனை நாள் வேணும் உங்களுக்கு?”